மூளைக்குச் சந்தனம்

கடைக்காரர் பில்லின் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே என் கையெழுத்தைக் கேட்டார். பிராசஸர் சில்லை வாடிக்கையாளரே மாட்டிக்கொள்கிறார், அது உட்காரும் சாக்கெட்டில் பின் வளைந்தால் கடை பொறுப்பல்ல என்பது அந்த வரி.

மில் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பழுதுக்கு வரும் ராஜபாளையத்துக் கடை அது. மேசையில் திறந்து கிடந்த ஒரு கேபினட்டின் மின்விசிறி தெரியாத அளவுக்குப் பஞ்சு அடைத்திருந்தது. அவர் அதைப் பிய்த்து எடுத்தபடியே பேசினார்.

“ஏம்மா, நான் சும்மாதான மாட்டித் தாரேன்னு சொல்லுதேன். அதுக்குக் காசா கேட்டேன்?”

“வேண்டாம் அண்ணாச்சி. நானே மாட்டிக்கிடுதேன்.”

“இதுக்கு முன்ன எத்தன மாட்டிருக்க?”

“இதான் மொதல்.”

“அப்போ வீட்ல அண்ணன் தம்பி இருந்தா அவங்க கையில குடு. இது ஊசி கோக்குற மாதிரி வேலை.”

“எங்க வீட்ல ஊசி கோக்குறது நாந்தான் அண்ணாச்சி.”

சிரித்தார். ஆனால் வரியை அடிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, அந்தக் கையெழுத்தைப் பற்றியேதான் யோசித்தேன். கடையில் காட்டிய தைரியம் வீடு வரைகூடத் தாங்காது என்று எனக்கே தெரியும்.

ஆனால் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். ஆய்வகத்தில் எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரமே வேலை பிரிந்துவிட்டது. லேத் ஓட்டுவது, இன்ஜினைப் பிரிப்பது, திரும்பப் பூட்டுவது எல்லாம் அவர்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ரெக்கார்டு நோட்டு எனக்கு. இன்ஜினுக்குள் வெளிச்சம் போதாவிட்டால் டார்ச் பிடிப்பதும் நான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எந்த நட்டை எந்த வரிசையில் இறுக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு நட்டையும் இறுக்கியதில்லை. அந்தப் படிப்பில் நான் முதல் வகுப்பில் தேறினேன்.

எல்லாவற்றுக்கும் பட்டியல் போடும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். கை சும்மா இருப்பவர்களுக்குப் பேனா கிடைத்துவிடுகிறது.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வரைபட வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். மில் இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்யும் ராஜபாளையத்துப் பட்டறை ஒன்று, வரைபடங்களை நான் வீட்டிலிருந்தே போட்டுத் தரலாம் என்றது. முப்பரிமாண வரைபடத்தைத் தாங்கும் கம்ப்யூட்டர் என்னிடம் இருக்க வேண்டும், திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. சேமித்ததை எல்லாம் பாகங்களாக வாங்கிவிட்டேன். சாக்கெட்டில் பின் வளைந்தால் அது இருக்கும் மதர்போர்டையே மாற்ற வேண்டும், இன்னொன்று வாங்க வழியில்லை. வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதையும்விட, ‘நான் அப்பமே சொன்னேன்ல’ என்ற சொல் எங்கள் வீட்டில் காலத்துக்கும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதர்போர்டை மேசையில் வைத்து, சாக்கெட்டின் இரும்புச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு சதுரம். அதில் முடியைவிட மெல்லிய பின்கள், ஆயிரத்துக்கும் மேல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றடித்த நாற்றங்காலைப் போல. அவற்றின்மேல் பிராசஸரைச் செங்குத்தாக இறக்கி வைக்க வேண்டும். நகர்த்தக் கூடாது, அழுத்தக் கூடாது, நழுவ விடக் கூடாது. சட்டத்தை மூடிவிட்டு, ஒரு தாளை எடுத்துச் செய்முறையை எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்ததும் இன்னும் தெளிவாக எழுதலாமே என்று தோன்றியது.

அண்ணன் போலீஸில் இருக்கிறான். அன்று விடுப்பில் வந்திருந்தான். வாசற்படியில் நின்று என்னையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏட்டி, என்ன, வெடிகுண்டா? ஸ்குவாடுக்கு வேணா போன் போடட்டுமா? நாயோட வருவாங்க.”

“நாய் வேண்டாம். நீயே இருக்கியே.”

“வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. கைதான் நடுங்குது. நாளைக்கு வண்டியில வச்சுக் கடைக்குக் கொண்டு போயிருவோம். அவரு மாட்டிட்டுப் போறாரு, ஒனக்கு என்ன வந்துச்சு?”

எழுதிய தாளைப் படாரென்று திருப்பிப் போட்டேன். ஒருவேளை அவன் சொல்வது சரியோ என்று எனக்கே தோன்றிய நேரம் அது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

சனிக்கிழமை பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். காலையிலேயே பாகங்களையெல்லாம் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தேன். பிராசஸர் அதன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தனியாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, இதில் எதுதான் முக்கியம் என்று கேட்டாள். இதுதான் மூளை என்று காட்டினேன். “இம்புட்டுக்காணுதானா?” என்றாள். பிறகு, கரண்ட் போவதற்குள் தண்ணீர் ஏற்றிவிடச் சொன்னாள். மோட்டாரைப் போட்டுவிட்டு, டேங்க் நிரம்புகிறதா என்று பார்க்க மாடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மேசைக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கிரைண்டர் வந்தாலும் பைக் வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் ஓட விடமாட்டார்கள். கேபினட்டின் நெற்றியில் ஒரு பொட்டு. பவர் சப்ளை பெட்டிமேல் ஒன்று. மானிட்டரின் ஓரத்தில் ஒன்று. பிளாஸ்டிக் கூடு திறந்து கிடந்தது. பிராசஸர் அம்மாவின் இடது உள்ளங்கையில் இருந்தது. அதன் பளபளக்கும் மேல்பக்கத்தின் நட்டநடுவில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“அதான் மூளைன்னு நீதானட்டி சொன்ன,” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. “நெத்தி எங்க இருக்குன்னு தெரியல. அதான் நடுவுல வச்சேன்.”

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் தங்க நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் சாக்கெட்டின் பின்களைத் தொட வேண்டும். விரலெண்ணெய் பட்டாலும் ஆகாது என்று நான் பட்டியலில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்த இடம். அங்கே அம்மாவின் கட்டைவிரல் ரேகை, சந்தனத்தில், அச்சடித்த மாதிரி பதிந்திருந்தது.

அண்ணன் தோள்மேல் எட்டிப் பார்த்தான். “சோலி முடிஞ்சது. எடு, கடைக்குப் போவோம்.”

“கடையில போய் என்ன சொல்ல? எங்கம்மா பூச போட்டாங்கன்னா?”

“அவரு ஏதாவது பண்ணுவாரு.”

“அவரு என்ன பண்ணுவாரோ அத நான் பண்ணுதேன்.”

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று எனக்குப் புரிந்தது. முதல் நாள் முழுக்க நான் அந்தச் சில்லைப் பார்வை பட்டாலே செத்துவிடும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அதை வெற்றிலை மாதிரி கையில் ஏந்தியிருந்தாள். நான் பயந்தவற்றில் பாதி நடந்து முடிந்துவிட்டது. இனி மிச்சம் இருப்பது துடைப்பது. அது ஒரு வேலை. வேலைகளுக்கு முறை உண்டு. முறை எனக்குத் தெரியும்.

அம்மா ஓடிப்போய் ஒரு கட்டுப் பஞ்சோடு வந்தாள். “பஞ்சு வேண்டாம்மா, நூல் ஒட்டும்,” என்றேன். பேண்டேஜ் துணி நெய்யும் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் பஞ்சுக்குக் குறைவில்லை. அன்றைக்கு ஆகாதது அது ஒன்றுதான். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியையும், தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டே மெடிக்கலில் வாங்கி வைத்திருந்த ஸ்பிரிட்டையும் எடுத்தேன். ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கினேன். ஓரங்களில் பிடித்துக்கொண்டு, துணியை நனைத்து, மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஒரே திசையில் இழுத்துத் துடைத்தேன். துணி முதலில் சிவப்பானது, பிறகு மஞ்சளானது. துணியின் வேறு இடம், மறுபடியும். மஞ்சள் வெளிறி, ஒன்றும் வராமல் நின்றது. என் கை நடுங்குகிறதா என்று பார்க்க மறந்துபோயிருந்தேன்.

அதற்குள் கரண்ட் போய்விட்டது. அறை மங்கியது.

“அண்ணே, போன்ல டார்ச்சப் போடு. இங்க புடி.”

பிடித்தான். நான் சாக்கெட்டின் சட்டத்தைத் தூக்கினேன். “சாய்ச்சுப் புடி, நேரா அடிச்சா கண்ணு கூசுது,” என்றேன். சாய்த்தான். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் பின்கள் ஒரே சீராக மின்னின. எங்கேயும் தூசி இல்லை, குங்குமம் இல்லை. பிராசஸரின் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்தோடு சேர்த்தேன். இரண்டு பக்கத்துப் பள்ளங்களையும் பார்த்துக்கொண்டேன். இறக்கினேன். விட்டேன். அது தன் இடத்தில் உட்கார்ந்தது, அசைவில்லாமல்.

அடுத்தது சாக்கெட்டின் ஓரத்தில் கம்பியாக நிற்கும் நெம்புகோல். சட்டத்தை மூடி, அந்தக் கம்பியை அழுத்திக் கொக்கியில் மாட்ட வேண்டும். நினைத்ததைவிட அதிகமான பலம் கேட்டது. பாதியில் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், ஓட்டுச்சில் மிதிபட்ட மாதிரி.

“ஒடஞ்சிட்டு!” என்றான் அண்ணன். வெளிச்சம் ஆடியது.

“ஒடையல. அப்படித்தான் சத்தம் வரும். டார்ச்ச ஆட்டாத.”

அப்படித்தான் சத்தம் வரும் என்று படித்திருந்தேன். அழுத்துவதை நிறுத்தவில்லை. கம்பி கொக்கியில் விழுந்தது. சாக்கெட்டைக் காத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மூடி டப்பென்று துள்ளி, அம்மாவின் காலடியில் போய் விழுந்தது.

பிறகு குழலிலிருந்து பேஸ்ட்டைப் பிதுக்கிப் பிராசஸரின் நடுவில் ஒரு மிளகு அளவு வைத்தேன். சூட்டை மேலே மாட்டும் கூலர் விசிறிக்குக் கடத்தும் சாம்பல் நிறக் குழம்பு அது. அம்மா குனிந்து பார்த்தாள்.

“ஏட்டி, நான் வச்சதத் தொடச்சிட்டு, அதே எடத்துல நீ என்ன விபூதியா வைக்க?”

அண்ணன் சிரித்ததில் டார்ச் மறுபடியும் ஆடியது. நானும் சிரித்துவிட்டேன். மற்ற பாகங்களையும் வரிசையாக மாட்டினேன். கூலரின் திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். நட்டுகளை இறுக்கும் வரிசை என்று ரெக்கார்டு நோட்டில் எத்தனையோ முறை எழுதியது. இப்போதுதான் திருகு உள்ளே போகப் போக அது கையை எப்படி எதிர்க்கும் என்று தெரிந்தது. அதை யாரும் நோட்டில் எழுதச் சொன்னதில்லை.

கரண்ட் சாயங்காலம் வந்தது. அதுவரை மூன்று பேரும் மேசைப் பக்கம் போகாமல், போகாத மாதிரி காட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்தோம். சுவிட்சைப் போட்டேன். விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. முதல் தடவை நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். “செத்த நேரம் பொறுங்க,” என்றேன். அண்ணன் வாயைத் திறந்து மூடினான். ‘சொன்னேன்ல’ என்பதன் முதல் எழுத்து அவன் உதட்டில் இருந்ததைப் பார்த்தேன். திரை வெளுத்தது. பிராசஸரின் பெயர் எழுத்து எழுத்தாகத் தெளிவாக வந்து நின்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரைபட மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணன் நடையில் நின்று யாரோ சிநேகிதனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“கடைக்கெல்லாம் குடுக்கலலே. வீட்லயே மாட்டிட்டோம். பெரிய வேலைல்லாம் ஒண்ணுமில்ல, நிதானமா செஞ்சா போதும்.”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஏலே, நீ எங்கல மாட்டுன? லைட்டத்தான புடிச்ச?”

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். “லைட்டு புடிக்கிறதும் வேலைதானட்டி?”

“வேலைதான். நாலு வருசம் நானும் புடிச்சிருக்கேன். ஆனா இன்ஜின நாந்தான் பூட்டுனேன்னு யார்ட்டயும் சொன்னதில்ல.”

போனைக் காதுக்குக் கொண்டுபோய், தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “தங்கச்சிதாம்லே மாட்டுனா,” என்றான், ரொம்பத் தணிந்த குரலில்.

“கேக்கல அண்ணே,” என்றேன் உள்ளிருந்து. “இன்னுங் கொஞ்சம் சத்தமா.”