பின்னறைத் தொலைபேசி

லைன்மேன் மில்டன் சுவரில் காதை வைத்தே அந்த வீட்டில் எத்தனை தொலைபேசி என்று சொல்லிவிடுவான் என்பார்கள் உருகுவே நாட்டுப் பய்சாந்தூ ஊர்க்காரர்கள். போன வீடுகளில் அவன் உறிஞ்சிய மாத்தே மூலிகைத் தேநீரை ஊற்றினால் உருகுவே ஆறு கரையை உடைக்கும் என்றும் சொல்வார்கள். பாதியையாவது நம்பலாம்.

ஒரே கம்பியில் பேச்சும் இன்டர்நெட்டும் வரத் தொடங்கிய காலம். தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு ஃபில்டர் மாட்டவேண்டும். மாட்டாத ஒன்றை எடுத்தால் போதும், இன்டர்நெட் அறுந்துவிடும்.

அந்த ஞாயிறு கிழவர் அன்செல்மோ அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஸ்பெயினில் இருக்கும் மகள் நொயெலியாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள். ஞாயிறுதோறும் பன்னிரண்டு மணிக்குக் கணினியில் காட்டுவாள்.

"தொட்டில் தெரியுது மில்டன். மக குனிஞ்சு புள்ளையத் தூக்குறா. அதோட படம் போச்சு! அஞ்சு வாரமா இதே கூத்து. இன்னும் பேரன் மூஞ்சியப் பாக்கல."

"முன்னால இருக்குற ரெண்டு போனுக்கும் நான்தான் ஃபில்டர் மாட்டினேன். பின்னறையில?"

கிழவர் கூரையைப் பார்த்தார். "அங்க இருக்குறவங்களோட எனக்குப் பேச்சு இல்ல."

அங்கே இருந்தவள் அவர் தங்கை டெல்மிரா. தாயில்லாத நொயெலியாவை வளர்த்தவள். தையல் இயந்திரத்தை விற்று அவளுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். மகளை அனுப்பிவிட்டாளே என்ற கோபத்தில் ஐந்து வருடமாக அண்ணன் அவளிடம் வாய் திறக்கவில்லை.

மில்டன் பின்னறைக்குப் போனபோது தொலைபேசி தலையணைக்கு அடியில் இருந்தது.

"ஒரே கம்பிதானேப்பா? பன்னிரண்டு மணிக்கு எடுத்தா அவ குரல் கேக்கும்னு நெனச்சேன். வெறும் இரைச்சல்தான்."

"நீங்க எடுக்குறதாலதான் அங்க படம் அறுந்துபோகுது, டெல்மிராம்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப்பாவமே! உடனே அந்த ஃபில்டரை மாட்டு. மாட்டினா குரல் கேக்குமா?"

"கேக்காது."

"பரவால்ல, மாட்டு. அண்ணனாவது பாக்கட்டும்."

மில்டனின் பையில் நான்கு ஃபில்டர்கள் இருந்தன. ஆனாலும் எல்லாப் பைகளையும் தேடுவதுபோல் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். முன்னறைக்கு வந்தான்.

"பின்னால ஒரு போன் இருக்கு ஐயா. ஃபில்டர் தீந்துபோச்சு."

"அதக் கழட்டி எடுத்துட்டுப் போ!"

"அவங்க பொருள நான் எப்படிப் பிடுங்குறது? பன்னிரண்டு மணிக்கு அவங்க உங்க கண்ணு முன்னால உக்காந்திருந்தா எடுக்க மாட்டாங்க. வேற வழி தெரியல."

"பெரிய வக்கீலு!" என்றார் கிழவர். கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம். ஒரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். பின்னறை வாசலில் போய் நின்று இரண்டு முறை இருமினார்.

"நாற்காலி போட்டிருக்கு."

அவள் ஏப்ரனோடு வந்து விளிம்பில் உட்கார்ந்தாள். திரையில் நொயெலியா குனிந்தாள், தூக்கினாள். படம் போகவில்லை.

"அத்தை!" என்று கத்தினாள் அவள். பிள்ளை மிரண்டு விழித்தது.

"டெல்மிரா," என்றார் கிழவர். "தலைய நகட்டு. புள்ளை காது மறையுது."

"மறைஞ்சா மறையட்டும். அது அப்படியே உன் காதுதான்."