நானே கண்டது

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில், இந்த ஒடுங்கிய தெருவில், இருக்கும் சனத்துக்குக் கண் எதற்கு என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. காதும் வாயும் போதும். ஒருவர் கடையில் கேட்டது அடுத்த மதிலைத் தாண்டுவதற்குள் அவர் நேரில் கண்டதாகிவிடும். வந்தானாம், போனாளாம் என்று ஓர் 'ஆம்' சேர்த்தால் கேள்விப்பட்டது என்றாவது விளங்கும். அதைச் சேர்க்கக்கூட இவர்களுக்கு வாய் நோகும்.

இந்த எரிச்சலில்தான் சொந்தமாக ஒரு மொழி செய்யத் தொடங்கினேன். வீட்டில் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றார்கள். சொல்லட்டும். தடித்த கொப்பி ஒன்று வாங்கி இலக்கணம் எழுதினேன். 'தலு' என்றால் வருதல். தலுவே: வந்தான், நான் கண்டேன். தலுமி: வந்தான் என்று யாரோ சொன்னார்கள். தலுகோ: வாசலில் செருப்புக் கிடக்கிறது, ஆகவே வந்திருப்பான். இந்த மூன்று விகுதிகளில் ஒன்று ஒட்டாமல் வாக்கியமே முடியாது. ஏவலுக்கும் விருப்பத்துக்கும் தனித்தனி வடிவங்கள். சபிப்பதற்கும் ஒன்று வைத்தேன், எங்கள் ஒழுங்கையை நினைத்துத்தான். இந்த மொழியில் வாய் திறந்தால் இவர்களுடைய புளுகு உடனே பிடிபட்டுவிடும் என்று எனக்குப் பெரிய பெருமை.

ஒருநாள் பின்னேரம் உடுப்பிட்டியிலிருந்து ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்து என் வீட்டுப் படலை வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையை அவருடைய மகனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. இனி வழக்கப்படி அயலில் விசாரிக்க வேண்டும். பிள்ளையைப் பற்றி நல்லதாகவே சொன்னேன்.

"தமையன் எப்பிடித் தம்பி?"

"குடிக்கிறவர் எண்டு கடையிலை கதைக்கினம் ஐயா."

மனிசன் சலித்துக்கொண்டார். "கடைக்கதை எனக்கென்னத்துக்கு? நீர் பக்கத்து வீட்டிலை இருக்கிறனீர். ஒண்டும் காணேல்லையோ?"

ஒன்றுக்கும் உதவாத ஆளிடம் வந்துவிட்டோமே என்பதுபோல் அவர் சாவியைத் திருப்பினார். எனக்குச் சுள்ளென்றது.

"ஏன் காணேல்லை? வெறியிலை தள்ளாடிக்கொண்டு வாறதை என்ரை கண்ணாலை கண்டனான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் உள்ளே போய்க் கொப்பியைத் திறந்து, நடத்தல் என்ற வினைக்கு மூன்று விகுதிகளையும் போட்டு எழுதினேன். எழுத்து முத்துமுத்தாக விழுந்தது. வெட்கங்கெட்ட கை.

அடுத்த கிழமை கலியாணப் பேச்சு நின்றுவிட்டது. பிள்ளையின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, மூத்தவனுக்குக் காதுக்குள்ளை வருத்தம். தலை சுத்தினால் தள்ளாடுவான். ஒரு சொட்டும் தொடமாட்டான். ஆரோ ஒரு நாசமறுவான் வெறியிலை வாறதைக் கண்ணாலை கண்டதெண்டு சொல்லிப்போட்டான். பிள்ளை சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறாள்."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"உந்த ஒழுங்கையிலை காணாததைக் கதைக்காத ஆள் நீங்கள் ஒராள்தான். ஒருக்கால் உடுப்பிட்டிக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ. உங்கடை சொல்லை நம்புவினம்."

ஏற்கெனவே நம்பிவிட்டார்களே.

"ஓம் அக்கா, போறன்," என்றேன்.

போகவில்லை. போனால் அந்தப் பெரியவர் முன்னால் நின்று, நான் காணவில்லை, கடையில் கேட்டதைத்தான் சொன்னேன் என்று சொல்லவேண்டும். ஊரையெல்லாம் பழித்த எனக்கு அந்த ஒரு வசனத்துக்கு நாக்கு எழும்பவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். இரண்டு மாதத்தில் அந்தப் பெரியவருடைய மகனுக்குச் சண்டிலிப்பாயில் வேறொரு பிள்ளையோடு கலியாணம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் அந்தத் தாய் முருங்கைக்காய்க் கட்டொன்றோடு வந்தார்.

"நீங்கள் போய்ச் சொல்லியும் அவை கேக்கேல்லை என்ன? இருந்தாலும் எங்களுக்காக அலைஞ்சியள். பெரிய உபகாரம் தம்பி."

கட்டை வாங்கிக்கொண்டேன்.

"ஓம் அக்கா," என்றேன். "எவ்வளவோ சொல்லிப் பாத்தனான்."