மைக்கா மின்னிய முகம்

கட்டுகஸ்தோட்டையில் ரிப்பேர் கடைக்காரர் என் பழைய அயர்ன் பெட்டியைக் கழற்றி, உள்ளேயிருந்த மைக்காத் தகட்டை என் கையில் வைத்தார். அது உதிர்ந்து விரலெல்லாம் மின்னியது.

சின்ன வயதில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு மேலே, யாரும் வேலை செய்யாத மைக்கா சுரங்கம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கமே போகக்கூடாது என்பார் அம்மா. நானும் அக்காவும் அவருடைய முகம் பார்க்கும் கண்ணாடியையே தூக்கிக்கொண்டு போனோம். அக்கா வாசலில் நின்று வெயிலைக் கண்ணாடியில் பிடித்து உள்ளே திருப்பினாள். சுவரெல்லாம் குப்பென்று பற்றிக்கொண்ட மாதிரி ஜொலித்தது! தண்டவாளத்தின்மேல் துருப்பிடித்த தள்ளுவண்டி. ஏறிக்கொண்டேன்.

"வந்து தள்ளுக்கா!"

"கண்ணாடிய வச்சா இருட்டிரும் புள்ள. கால ஊனி உந்து!"

உந்தினேன். வண்டி கிறீச்சிட்டு நகர்ந்தது, பிறகு வாசல் பக்கச் சரிவில் தடதடவென்று ஓடியது. அக்கா கூச்சல் போட்டுக்கொண்டே விலகிக் குதித்தாள்.

வீட்டில், "எங்கயும் போகலம்மா" என்றோம். அம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் முகம், தலைமுடி எல்லாம் மினுமினுத்தன. அடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்று கேட்டார் அம்மா.

கடைக்காரர் கை துடைக்கத் துணி நீட்டினார்.

"வேணாங்க. இத எங்கம்மாகிட்ட காட்டணும்."