சோறு தொடாத பறவை

மலையில் இறந்துபோன மாமா, குளிர் தாங்காமல் எங்கள் வீட்டுக்கு இறங்கி வருகிறார் என்று அந்த ஆண்டு நாங்கள் நம்பினோம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. ராணுவத்தில் இருந்தவர்; இமயத்தில் ஒரு பனிச்சரிவு அவரைக் கொண்டுபோயிற்று.

வடக்கே தலைநகரில், கோல் மார்க்கெட் குடியிருப்பின் மாடிச் சுவரில் அம்மா நண்பகல்தோறும் காக்கைக்குச் சோறு வைப்பாள். குளிர் தொடங்கியதும் காக்கைகள் போன பின் ஒரு சிறு பறவை வரலாயிற்று. சாம்பல் தலை, மஞ்சள் வயிறு. கொய்யாக் கிளையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும். சோற்றின்மேல் பாய்ந்து, அடுத்த கணமே அதே கிளைக்குத் திரும்பிவிடும்.

“அவனும் இப்படித்தான். ஒரு இடத்துல உக்காந்து திங்கமாட்டான்,” என்றாள் அம்மா.

அது வந்துபோன பிறகே அவள் சாப்பிடுவாள். வராத நாளில் வெறும் தேநீர்தான்.

எனக்குக் கண் கூர்மை. “அப்பா, அது சோறே திங்கல. மேல பறக்குற மக்கியத்தான் பிடிக்குது,” என்றேன், ஈக்களைக் காட்டி.

“ஏட்டி, மெல்லப் பேசு,” என்றார் அப்பா, அடுக்களைப் பக்கம் பார்த்தபடி.

பிறகு மூடுபனி இறங்கியது. சோற்றில் ஓர் ஈ கூட இல்லை, பறவையும் வரவில்லை. அம்மாவின் தட்டு கவிழ்ந்தே கிடந்தது. வெயில் எட்டிப்பார்த்த முதல் நாள், அப்பா சோற்றின் ஓரத்தில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து நீர் தெளித்தார்.

“வெல்லம் எதுக்குங்க?”

“உன் தம்பிக்குப் பாயசம்னா உசிராச்சே.”

சற்று நேரத்தில் ஈக்கள் மொய்த்தன. பறவை பாய்ந்தது. அம்மா தட்டை நிமிர்த்தினாள். சோறு தின்னாத பறவைக்குப் பாயசம் எப்படிப் பிடிக்கும் என்று நான் அப்பாவிடம் வாதிட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அச்சா, நீ சாப்பிடு,” என்றார்.

அது ஈப்பிடிப்பான் என்றும், கோடையில் மலைக்காட்டில் பாசியால் கூடு கட்டிக் குளிரில் சமவெளிக்கு இறங்கும் என்றும் பின்னாளில் படித்து அறிந்தேன். அப்பாவின் வெல்லம் புரிய இன்னும் நாளாயிற்று.

அம்மாவுக்கு எப்போது புரிந்தது என்று தெரியவில்லை. அப்பா காலமான பின் வந்த குளிர்காலத்தில், நாங்கள் குடிமாறிய ஜனக்புரி வீட்டுப் பால்கனியில், அவள் சோறு வைக்கவில்லை. நனைத்த வெல்லத்துண்டு ஒன்றை மட்டும் வைத்தாள். இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான். பறவை வந்துபோன பிறகு சேர்ந்து சாப்பிடுகிறோம்.