ஓடுவதற்கு ஒரு வேண்டுதல் வேண்டுமாம்

இன்று காலை புக்கிட் பெருவாங் சாலையில் ஓடினேன். மோட்டார் சைக்கிளில் இருவர் மூன்றாவது நாளாகப் பின்னாலேயே வந்தார்கள். அவர்கள் அடித்த விசில் வாக்மேன் பாட்டையும் மீறிக் கேட்டது.

எதிரே வந்த பக்கத்து வீட்டு அங்கிள் காரை நிறுத்தி, என்னைத் திட்டினார்.

"பொம்பள புள்ள ஜாலான்ல, ரோட்டு மேல ஓடலாமா? கோயில சுத்தி ஓடு லா. வேண்டுதல்னு நெனச்சி ஒருத்தனும் வாய தொறக்க மாட்டான்."

"அவனுங்கள சுத்தச் சொல்லுங்க, அங்கிள். புத்தி வரட்டும்."

அங்கிளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளையும் அதே சாலை, அதே நேரம். எனக்கும் வேண்டுதல் உண்டு: நிம்மதியாக ஓடி, வீடு திரும்ப வேண்டும். கூட ஓட யார் வருகிறீர்கள்? விசிலடிப்பவர்களுக்குக் கோயில் திறந்தே இருக்கிறது.