தடைக்காலத்தில் ஊதிய விசில்

நான் கபடி லீக் வீரன். சக வீரரின் காரில் கஞ்சா பிடிபட்டபோது உடனிருந்ததால் என்மீதும் வழக்கு. சித்தூர் கோர்ட் என்னை விடுவித்தது. லீக்கோ, தன் விசாரணை முடியும்வரை தடை நீடிக்கும் என்றது.

சோர்ந்துபோய் சொந்த ஊரான நகரிக்குத் திரும்பினேன். அன்று விசைத்தறிக்காரர்களின் கபடிப் போட்டி.

"ஆட வேணாம்ணா, நடுவரா நில்லு" என்று தறி ஓட்டும் முருகன் விசிலைக் கையில் திணித்தான்.

ஆட்டத்தில், பாடி வந்தவன் முருகனின் முட்டியை விரலால் உரசிவிட்டுத் தன் பக்கம் திரும்பினான்.

"என் மேல படவேயில்ல!" என்று கத்தினான் முருகன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவுட் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் நடுவரோடு மல்லுக்கட்டாமல் யாரும் வெளியேறியதில்லை.

"நீயே சொல்லிட்ட, அப்பால இன்னா பேச்சு!" என்று முருகன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தான்.

என் பேச்சை நம்பலாமா என்று லீக் இன்னும் விசாரிக்கிறது. நான் நன்றாகத் தூங்குகிறேன்.