முப்பத்தொன்றும் ஒன்றும்

ஜெபதுரைக்கு அறுபத்து மூன்று வயது. தொலைபேசித் துறையில் கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் தமிழ்ச் சபையின் சவுண்ட் மிக்சர் பத்தொன்பது வருடமாக அவர் கையில் இருக்கிறது. எல்லா மைக் வயர்களும் வந்து சேரும் பெட்டி அது. பழைய பெட்டியில் ஒரு மைக்குக்கு ஒரு திருகு. மூன்றாவது மைக் கரகரத்தால் மூன்றாவது வயரை அசைப்பார். மற்ற மைக்குகளுக்கு ஒன்றும் ஆகாது.

போன வருடம் ஒரு குடும்பம் டிஜிட்டல் மிக்சர் வாங்கித் தந்தது. அதில் ஒரு பட்டனைத் தொட்டால் போதகரின் மைக்குக்கான திருகு பாடகர் குழுவுக்கு மாறிவிடும். ஜெபதுரை என்னிடம் பிளாஸ்டர் வாங்கி, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதி ஒட்டினார். பட்டனை அமுக்கியதும் பாதிப் பெயர்கள் பொய்யாயின.

சபைச் செயலாளர் பெலிக்ஸ் டெல்லியில் பிறந்தவர். "அங்கிள், முடியலன்னா சொல்லிடுங்க. வெளி ஆள வெச்சுக்கலாம்" என்றார்.

"பழசு ஒரு நாளும் ஆராதனைய நிறுத்துனதில்ல. அதுலயே இருக்கேன்" என்றார் ஜெபதுரை.

எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க, ஒரு வாரம் பழையது, மறுவாரம் புதியது என்று மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தார்கள். பழையதில் ஜெபதுரை, புதியதில் பெலிக்ஸ். நான் முப்பத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள் என்பதால் கோளாறுகளைக் குறிக்கும் வேலை எனக்கு வந்தது.

கூட்டத்தில் வாசித்தேன். பழையதில் முப்பத்தொரு கோளாறு: கரகரப்பு, இரைச்சல், செத்த மைக். ஆராதனை நிற்கவில்லை. புதியதில் ஒன்றே ஒன்று. நாலு நிமிடம் சபை முழுவதும் சத்தமில்லை. அணைத்துப் போட்டதும் சரியானது. காரணம் யாருக்கும் தெரியாது.

"அச்சா! முப்பத்தொண்ணுக்கு ஒண்ணு. புதுசு பாஸாயிடுச்சு" என்றார் பெலிக்ஸ்.

"அந்த ஒண்ணுல எல்லாரும் ஊமையாப் போயிட்டோம்லா?" என்றார் ஜெபதுரை.

"ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. எது நல்லது?"

வார்டில் நாள் முழுக்க இருமுகிறவரையும் பார்த்திருக்கிறேன், சத்தமில்லாமல் சரிந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மிக்சருக்கு என்ன சொல்வது? தெரியாது என்றேன். பிறகு, கணக்கில் சேர்க்காத ஒரு ஞாயிறு உண்டு என்பதையும் சொன்னேன். அன்று ஜெபதுரைக்குக் காய்ச்சல். பழைய பெட்டியில் முதல் பாட்டிலேயே போதகரின் மைக் செத்தது. எந்த வயர் என்று இருபது நிமிடம் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆள் இல்லாத நாள் என்று அதை விட்டுவிட்டேன்.

பெலிக்ஸ் நெற்றியைத் தேய்த்தார். "அப்போ நாம மிக்சரப் பாத்தோமா, அங்கிளப் பாத்தோமா?"

கடைசியில், ஜூலை வரை இன்னும் மூன்று மாதம் பார்ப்பது என்று முடிவானது. இந்த முறை பழையதில் பெலிக்ஸ், புதியதில் ஜெபதுரை. அதுவரை வெளி ஆள் கிடையாது.

படி இறங்கும்போது ஜெபதுரை கேட்டார்: "சிஸ்டர், இப்ப நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"

"புதுசுல பிளாஸ்டரப் பிச்சுட்டு உக்காருங்க. ஜூலைல சொல்றேன்" என்றேன்.